பிணத்துக்கு வசனம் கிடையாது

தியாகேசன் பெஞ்சில் செத்துக் கிடந்தான். மூக்கில் பஞ்சு, நாடியைச் சுற்றி உச்சந்தலையில் முடிந்த வெள்ளைத் துணி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு, நெஞ்சில் சம்பங்கி மாலை, தலைமாட்டில் விளக்கு. எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. உயிர் ஒன்றுதான் உபரி. அதையும் நெஞ்சுக்கு ஏறவிடாமல் அடிவயிற்றிலேயே வைத்து, வாய் வழியாக இம்மி இம்மியாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். பிணத்தின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று கண்டுபிடிப்பதற்கென்றே ஊருக்கு நாலு பேர் நாடகம் பார்க்க வருகிறார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் அவனுக்கு ஒரு சுகம் வரும். போன் பைக்குள் கிடக்கிறது, ஆலையிலிருந்து யாரும் கூப்பிட முடியாது, வீட்டிலிருந்து யாரும் கூப்பிட முடியாது, உலகத்தில் ஒருவரும் அவனிடம் எதுவும் கேட்க முடியாது. இந்த நிம்மதிக்காகவே செத்துப்போகலாம் என்று தஞ்சாவூரிலும் கரூரிலும் இதே பெஞ்சில் படுத்துக்கொண்டு நினைத்திருக்கிறான். இன்றைக்குத் திருச்சி, சொந்த ஊர், அந்தச் சுகம் வரவில்லை. மூன்றாவது வரிசையில் நடைவழியை ஒட்டிய நாற்காலியில் மங்கை உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மகள் நித்திலா. மேடை ஓரத்துத் துணியை ஒதுக்கிக் கூட்டம் எவ்வளவு என்று எட்டிப் பார்த்தவன் கண்ணில் மயில்கழுத்து நிறப் புடவை பட்டது. யாரோ ஒரு பெண் மங்கை மாதிரியே இருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தான். பெண்டாட்டியை எதிர்பாராத இடத்தில் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது, நல்ல அழகான பெண் என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் அது மங்கையேதான் என்று உறைத்தது. கல்யாணமானதிலிருந்து அவன் நடித்த ஒரு நாடகத்துக்கும் வராதவள். ஒரு தடவையாவது வந்து பாரேன், ஒரு தடவையாவது வாயேன் என்று ஒவ்வொரு நாடகத்துக்கும் கெஞ்சியிருக்கிறான். இந்த ஒன்றுக்கு மட்டும் கூப்பிடவில்லை. கூப்பிடாததைத்தான் அவள் கவனித்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த மேடையில் அவனுக்கு மனைவியாக நடிக்கிற புனிதா எழுந்து நின்று, மங்கை அவனிடம் மட்டும் சொன்ன வார்த்தைகளை, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொல்லப்போகிறாள்.

ஓடினான். தொடங்குவதற்கு முன்பு, கால் கட்டுவதற்கு முன்பு, இயக்குநர் செபஸ்தியான் சாரிடம் ஓடினான். "சார், அந்தப் பால் வசனம், அத மட்டும் இன்னிக்கு விட்டுடலாமா சார்?" என்றான். அவர் விளக்குக்காரனிடம் எதையோ சொல்லிக்கொண்டே, "பைத்தியமாய்யா ஒனக்கு? நாடகமே அதுதான்யா" என்றார். "இல்ல சார், ஆளு வந்திருக்காங்க." "யாரு ஆளு?" என்று திரும்பினார். அந்த இடத்தில், அந்த ஒரு நிமிடத்தில், சொல்லியிருக்கலாம். என் சம்சாரம் சார், அவ சொன்னதுதான் சார் அது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அது பக்கத்து வீட்டுப் பெண் சொன்னது என்று அவரிடம் முன்னே சொன்னது பொய் என்றாகிவிடும். பொய்யை விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "ஒண்ணுமில்ல சார்" என்றான். புனிதாவிடமாவது சொல்லலாம் என்றால் அவள் ஏற்கெனவே மேடையில் இருந்தாள். கூட்டம் உள்ளே நுழையும்போதே அவள் வெறும் பெஞ்சுக்குப் பக்கத்தில் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்க வேண்டும், அது செபஸ்தியான் சாரின் ஏற்பாடு. விளக்கு அணைந்ததும் நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்திவிட்டார்கள். பேச வேண்டியவனைக் கட்டிப் போட்டுவிட்டு எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

யோசித்துப் பார்த்தால் இந்த வேஷமே அவனுக்குக் கிடைத்தது ஆலையின் புண்ணியத்தில்தான். லால்குடி தாண்டி இருக்கிற சிமென்ட் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் அவன் உதவி மேலாளர். ஷிப்டு முறை. சிமென்ட்டைக் கட்டியாக வார்த்து, தண்ணீரில் போட்டு வைத்து, பிறகு எந்திரத்தில் வைத்து எவ்வளவு பாரத்தில் நொறுங்குகிறது என்று பார்க்க வேண்டும். அது நொறுங்குவதற்குக் காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அவன் வசனம் மனப்பாடம் செய்வது. யாரிடமாவது ஷிப்டு மாற்றி, அந்த மாற்றத்துக்கு வேறு ஒருநாள் ஈடு கொடுத்து, ஈடு கொடுத்த நாளில் நித்திலாவின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தைத் தவறவிட்டு, அதற்குப் பரிகாரமாக ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்குக் கூட்டிப்போய், அந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையைத் தவறவிட்டு, இப்படியே ஒன்றில் கிழித்ததை எடுத்து இன்னொன்றில் ஒட்டுப்போட்டுக் காலம் ஓடிக்கொண்டிருந்தது. தபால் ஆபீஸில் கவுன்டரில் உட்காருகிற மங்கை, தன் வேலையையும் முடித்துக்கொண்டு வந்து அவனுடைய கிழிசல்களையும் பார்த்துக்கொண்டாள். சண்டை போட்டதில்லை. அதுதான் கஷ்டம். "இன்னிக்கு ராத்திரி வர நேரமாகும்" என்று அவன் சொன்னால், "சரிங்க, பூட்டிக்கிறோம்" என்பாள், அவ்வளவுதான். சென்ற வருடம் செபஸ்தியான் சார், "நீ வராத ஆளு. வராத ஆளுக்கு வசனம் குடுத்தா என் கழுத்துக்குக் கத்தி. இந்தத் தடவ நீ பொணம். பொணத்துக்கு ஒத்திகை தேவையில்ல, வசனம் கிடையாது, படுத்தாப் போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். உள்ளுக்குள் சுருக்கென்றிருந்தது. பதினெட்டு வயதிலிருந்து மேடையில் நிற்கிறவன், படுக்க வைத்துவிட்டார்களே என்று. வீட்டில் சொன்னபோது நித்திலா, "அப்பா வீட்லயும் அப்படித்தானே படுத்திருப்பாரு" என்றாள். ஷிப்டு முடிந்து வந்து கூடத்தில் தரையில் நீட்டி விழுந்தால் அவள் அவனைத் தாண்டித் தாண்டித்தான் டிவிக்கும் சமையலறைக்கும் போவாள். சும்மா சொன்னாள் பிள்ளை, ஆனால் அன்று ராத்திரி அவள் தாண்டிப்போனபோது அவன் காலை மடக்கிக்கொண்டான்.

அந்தச் சுருக்கென்றிருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். இப்போது, இமைக்குள் சிவப்பாக விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது, அது நன்றாகத் தெரிகிறது. நாடகத்தை எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பிப்பது செபஸ்தியான் சாருக்குப் பழக்கமில்லை. எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, "வீட்ல கேட்டது, வெளிய சொல்ல முடியாதது, ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க" என்பார். கொண்டுவந்ததை எடுத்துக் கோர்த்து நாடகம் ஆக்குவார். ஒருவன் மாமனார் குடித்துவிட்டுப் பேசியதைச் சொன்னான். புனிதா, பள்ளிக்கூடத்தில் டீச்சர், மாமியார் நகைப் பெட்டியை எண்ணுகிற கதையைச் சொன்னாள். எல்லாம் சிரிப்பாகவே போனது. தியாகேசன் முறை வந்தது. பிணம் என்ன கொண்டுவந்திருக்கிறது என்று யாரோ கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டாம். அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "எங்க பக்கத்து வீட்ல ஒரு பொண்ணு" என்று ஆரம்பித்தான். எட்டாம் மாதத்தில் செத்துப் பிறந்த ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வெறும் கையோடு வந்தாள். வந்து இரண்டு மூன்று நாள் கழித்து, துவைத்த துணியை மடித்துக்கொண்டே புருஷனிடம் சொல்கிறாள்: மார்ல பால் கட்டிக்கிட்டு வலிக்குதுங்க. குழந்தை இல்லன்னு அதுக்கு யாருங்க சொல்றது? மல்லிப்பூவ வச்சுக் கட்டினா வத்திடும்னு சொல்றாங்க. பூ வாங்கிட்டு வாங்க. அவன் போய் வாங்கிக்கொண்டு வருகிறான். தலையில் வைக்கிற சரமாக, நெருக்கிக் கட்டின சரமாக. சொல்லி முடித்தபோது ஒத்திகைக் கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. மேலே சுற்றுகிற மின்விசிறிச் சத்தம்தான். புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செபஸ்தியான் சார் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு ரொம்ப நாளாக வந்ததில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த நிசப்தத்தை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே போனான். வீட்டுக்குப் போனால் மங்கை கதவைத் திறந்து, "சாப்பிட்டீங்களா?" என்றாள், அவளை நேரே பார்க்க முடியவில்லை, சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் பட்டினியாகப் படுத்துக்கொண்டான்.

மேடையில் தங்கச்சியின் குடிகாரப் புருஷன் வந்துவிட்டான். அரங்கம் சிரிக்கிறது. இவன் போனால் கோடித்துணிச் சண்டை, அது முடிந்தால் சிங்கப்பூர்த் தம்பிக்குப் போன், போன் முடிந்தால் புனிதா. சிரிப்புக்குள் மங்கையின் சிரிப்பு இருக்கிறதா என்று தேடினான். அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யோசித்தால் சட்டென்று பிடிபடவில்லை. வாயை மூடிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. சத்தமே வராத சிரிப்பை இருட்டில் எங்கே போய்த் தேடுவது? நித்திலாவுடையது கேட்டது, கணீரென்று, எங்கிருந்தாலும் தெரியும். பிள்ளை சிரிக்கிறாள், நல்லது. இவளுக்குத் தம்பி சாமியிடம் போய்விட்டான் என்று சொல்லிவைத்திருக்கிறது. அப்போது ஐந்து வயது. எந்தச் சாமி என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பதினொன்று, இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துகொள்ளப்போகிறாள். மாலையிலிருந்து ஒரு எறும்பு இறங்கிக் கழுத்து மடிப்பில் நடந்தது. கடிக்காமல் இருந்தால் சரி. கடித்தாலும் பிணம்தான். வேர்வை முதுகுக்கும் பலகைக்கும் நடுவில் வழிந்து, குளிர்ந்து, மறுபடி வழிந்தது. அந்தக் குளிர்ச்சியோடு கூடவே அதுவும் வந்துவிட்டது. கரூரில் முதல் தடவை வந்தது. இடது கை உடம்போடு ஒட்டிக் கிடக்கிறதே, அந்த முழங்கை மடிப்பில் ஒரு கனம். பெரிய கனமில்லை. ஒரு ஈரத்துணி மூட்டை அளவு. மேடையில் அந்தப் பக்கம் யாரும் இல்லை, எதுவும் இல்லை, அவனுக்கே தெரியும், புனிதா உட்கார்ந்திருப்பது வலது பக்கம். கை மரத்துப்போவதால் அப்படித் தோன்றுகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டான். மரத்துப்போன கைக்குக் கனம் எப்படித் தெரியும்? நகர்த்திப் பார்த்தால் போய்விடும். நகர்த்தக் கூடாது, பிணம் கையை நகர்த்தாது. நகர்த்தினால் விழுந்துவிடுமோ என்றும் ஒரு பயம், அதுதான் நிஜமான பயம், அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

குழந்தை செத்துப் பிறந்த அன்றைக்கு அவன் புதுச்சேரியில் இருந்தான். நாடக விழா. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, ஒன்றும் ஆகாது, போயிட்டு வாங்க என்று அவள்தான் அனுப்பினாள். அனுப்பினாளா, அவன் கேட்ட விதத்தில் அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லாமல் இருந்ததா? மச்சான் போன் செய்தபோது அவன் ஒப்பனையில் இருந்தான். அதற்குள் முடிந்துவிட்டது, நீங்க பதறாம வாங்க என்றான் மச்சான். முடிந்துவிட்டது என்றால் இனி ஓடியும் என்ன என்று ஒரு எண்ணம் வந்தது, வந்தது வந்ததுதான், நாடகத்தை முடித்துவிட்டே கிளம்பினான். நாடகம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள், அன்றைக்கு ஏதோ ஒரு வேகம் இருந்ததாம். ஊர் வந்து சேர்ந்தபோது மறுநாள் மத்தியானம். குழந்தையை மச்சானும் இன்னொருவரும் சேர்ந்து கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவன் காது ஓரத்தில் ஒப்பனை போகாமல் இருந்திருக்கிறது. அவள் திரும்பிப் பார்த்து, முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். பூக்காரியிடம் போய் நின்றதும் நினைவிருக்கிறது. "வீட்டம்மாவுக்கா சார்? நெருக்கிக் கட்டினது இருக்கு, வாசம் தூக்கும்" என்றாள். ஆமாம் என்று வாங்கிக்கொண்டான். உதிரியாக வாங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை, தலைக்கு வைக்கிற சரத்தைக் கொண்டுவந்து நீட்டினான், அவள் அதை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொரு பூவாக நாரிலிருந்து உருவினாள். அழுதாள். அழுதுகொண்டேதான் சொன்னாள், துணி மடிக்கும்போது. அல்லது பூ உருவும்போது. துணியா பூவா என்று இப்போது குழம்புகிறது. துணி மடித்தது முதலில், சொன்னது பிறகு, பூ அதற்கும் பிறகு, அப்படியென்றால் உருவும்போது எப்படிச் சொல்லியிருப்பாள்? இந்த இடத்தில் எப்போதும் சிக்கிக்கொள்கிறது. முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் முகம் வருகிறது, கண்ணீர் வருகிறது. குழந்தையின் முகம்தான் வருவதில்லை. பார்த்திருந்தால்தானே வரும்.

கோடித்துணிச் சண்டை ஆரம்பித்துவிட்டது. மின்சாரம் போனால் நன்றாக இருக்கும். இந்தத் திருச்சியில் வேண்டாத நேரத்திலெல்லாம் போகிறது. யாராவது முன்வரிசையில் மயங்கி விழுந்தாலும் போதும். மங்கைக்கே ஒரு போன் வந்து வெளியே எழுந்து போகலாம். போகமாட்டாள், போனை அணைத்துப் பையில் வைத்திருப்பாள், அவளுக்கு எல்லாவற்றிலும் ஒழுங்கு. ஒருவேளை அடையாளம் தெரியாமலே போகலாம். ஆறு வருடம் ஆயிற்று, அவளே மறந்திருக்கலாம். மறந்திருப்பாளா? உனக்கே இத்தனை நினைவிருக்கும்போது, மாரில் சுமந்தவள் மறந்திருப்பாளா? அப்போது புனிதாவின் கை மாலையில் பட்டது. இந்தச் சண்டை நடக்கும்போது அவள் குனிந்து மாலையைச் சரிசெய்ய வேண்டும். அவள் தலைமுடி அவன் முகத்தை மறைக்கும். இதுதான் தருணம். உதட்டை அசைக்காமல், நாடிக்கட்டுக்குள்ளிருந்து, "புனிதா, பால் வேணாம்" என்றான். அவள் விரல் நின்றது. "பால சொல்லாதீங்க. எம் பொண்டாட்டி வந்திருக்கா." முழுக்க வெளியே வந்ததா, மூச்சோடு கலந்துபோனதா தெரியவில்லை. புனிதா ஒப்பாரிக் குரலிலேயே குனிந்து, "அசையாதீங்க சார், வயிறு தெரியுது" என்றாள். மாலையை இழுத்து வயிற்றின் மேல் பரப்பிவிட்டு நிமிர்ந்தாள். நல்ல நடிகை, எதையும் சமாளிப்பாள். எழுந்து உட்கார்ந்தால் என்ன? ஒரு பிணம் எழுந்து உட்கார்ந்தால் நாடகம் நின்றுவிடும். அவ்வளவுதானே. செபஸ்தியான் சார் இனி கூப்பிடமாட்டார், குழுவில் கேவலம், ஊர் சிரிக்கும். கூப்பிடமாட்டார் என்ற நினைப்பு வந்ததும் உடம்பு தானாகவே இன்னும் விறைத்துக்கொண்டது. இங்கேயும் அவன் சரியாகவே கணக்குப் போட்டான். இந்தப் பக்கம் மங்கை, அந்தப் பக்கம் மேடை. விரல் நுனி அசைந்திருந்தால்கூட மன்னிப்புக் கேட்க ஒரு காரணம் இருந்திருக்கும். ஒன்றும் அசையவில்லை.

சிங்கப்பூர்த் தம்பி போனில் வரமுடியாது என்றான், எடுத்துவிடுங்கள் என்றான். நாலு பேர் பெஞ்சைச் சுற்றி வந்தார்கள். புனிதா எழுந்தாள். அதுவரை பேசாமல் இருந்தவள் எழுந்ததும் அரங்கம் அடங்குகிற அந்தச் சத்தம், நாற்காலிகள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்துவது, அவனுக்கு மனப்பாடம். "யோவ்" என்றாள். "எல்லாரும் ஒன்ன நல்ல மனுசன்னு சொல்றாங்க. நான் இல்லன்னு சொல்லல. குடிக்கல, அடிக்கல. ஊருக்கெல்லாம் ஓடுன. எனக்கு வலி கண்டப்ப நீ ஊர்ல இல்ல." வருகிறது. "நம்ம புள்ள மொகத்த நீ பாக்கல. நான் பாத்தேன். எப்படி இருந்தான்னு நீ இன்னிக்கு வரைக்கும் கேக்கல." இதை மங்கை சொன்னதில்லை. இது செபஸ்தியான் சார் சேர்த்தது. அவர் பாட்டுக்குச் சேர்த்தார், ஓசைக்காக, ஆனால் கேட்கவில்லை என்பது உண்மை. ஆறு வருடமாக ஒரே பாயில் படுத்து எழுந்தும் எப்படி இருந்தான் என்று அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மற்ற ஊர்களில் இந்த வரி அவனைத் தொடாமல் போயிருக்கிறது, புனிதா எங்கே மூச்சு எடுக்கிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டு கிடந்தான். "மார்ல பால் கட்டிக்கிட்டு வலிச்சிச்சுய்யா" என்று புனிதாவின் குரல் உடைந்தது. "புள்ள இல்லன்னு அதுக்கு யாருய்யா சொல்றது? பூ வாங்கிட்டு வான்னு சொன்னேன். மார்ல வச்சுக் கட்டப் பூ. நீ தலைக்கு வாங்கிட்டு வந்தய்யா. சரமா, நெருக்கிக் கட்டி, வாசமா வாங்கிட்டு வந்த!" அவள் விழுந்து புரண்டு அழுதாள். பெஞ்சு அதிர்ந்தது. அரங்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ஒன்று, பிறகு பல. பெண்கள் பக்கம் யாரோ வாய்விட்டே அழுதார்கள். அவன் மூன்றாவது வரிசைக்கு மட்டும் காது கொடுத்தான். நாற்காலி நகருகிறதா, செருப்பு நடக்கிறதா? ஒன்றுமில்லை. அழுகிறாளா? ஒன்றுமில்லை. அந்த இடத்தில் மட்டும் அரங்கத்தில் ஒரு குழி விழுந்தது போல ஒரு சத்தமும் வரவில்லை. பயமாக இருந்தது. அவள் போய்விட்டிருந்தால் நல்லது என்று நினைத்தான், போயிருக்கக் கூடாது என்றும் நினைத்தான்.

அடுத்தது வாய்க்கரிசி. நாடகம் அதோடு முடிகிறது. தட்டில் அரிசியோடு ஒருவன் மேடைப்படி அருகில் நிற்பான், பார்க்க வந்தவர்கள் எழுந்து வரிசையாக வந்து பிணத்துக்குப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் போகலாம். கட்டாயமில்லை. எல்லா ஊரிலும் முதலில் தயங்குவார்கள், ஒருவர் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள், கொஞ்சம் பேர் நிஜமாகவே கும்பிட்டுவிட்டுப் போவார்கள். தொடங்கியாயிற்று. முதல் கை கிழவர் கை, மூக்குப்பொடி வாசம். அரிசி உதட்டில் விழுந்து பல்லிடுக்கில் தங்கியது. அடுத்தது ஏதோ கல்லூரிப் பையன் போல, பாதி அரிசி கன்னத்தில் விழுந்தது. வளையல் கை ஒன்று, மோதிரக் கை ஒன்று. விழுங்கக் கூடாது, இருமக் கூடாது. சின்னக் கை வந்தது. நகத்தில் ஸ்கெட்ச் பேனா வாசம். நித்திலா. அவள் போடவில்லை. விரலால் அவன் கன்னத்தை லேசாகத் தொட்டுப் பார்த்தாள், அவ்வளவுதான், சூடு இருக்கிறதா என்று பார்ப்பது போல. அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் மங்கை நின்றாள். கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, தபால் பசையும் சந்தன சோப்பும் கலந்த அவள் கை. அவசரப்படாமல், ஒரு மணி சிந்தாமல், உதட்டின் நடுவில் அரிசியை வைத்தாள். குனிந்தாள். அவள் மூச்சு காதில் பட்டது.

"நான் அழுதுகிட்டு சொல்லலீங்க" என்றாள்.

சாதாரணக் குரல். உப்புப் போதவில்லை என்று சொல்கிற குரல். கை விலகியது, அடுத்தவர் கை வந்துகொண்டிருந்தது. அவனுக்கு முதலில் தோன்றியது, ஆமாம், இவள் சொல்வதுதான் சரி, புனிதா அழாமல் சொல்ல வேண்டும், துணி மடிக்கிற மாதிரி, காய்கறிக் கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னால் அரங்கம் உட்கார முடியாது, நாளைக்கே செபஸ்தியான் சாரிடம் சொல்ல வேண்டும். முதலில் தோன்றியது அதுதான். வேறெதுவும் அதற்கு முன்னால் வரவில்லை. அது தோன்றி முடிந்த பிறகுதான் மங்கை அழாமல் துணி மடித்துக்கொண்டிருந்த அந்த மத்தியானம் வந்தது. அவன் கொடுத்த கண்ணீரையெல்லாம் தள்ளிவிட்டு வந்தது. நிமிர்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே, பதிலுக்குக் காத்துக்கொண்டே, அவள் கேட்ட கேள்வி. அதுக்கு யாருங்க சொல்றது? அது கேள்வி. அவனிடம் கேட்ட கேள்வி. பூ வாங்கப் போகிற சாக்கில் அவன் அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனான். தான் எப்படிப்பட்ட ஆள் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று, உடம்பு முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது, இப்படியே கிடந்தால் நிஜமாகவே இப்படியே கிடந்துவிடுவோம் என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்தான்.

அரிசி நாலா பக்கமும் சிதறியது. எதிரே கையில் அரிசியோடு நின்ற அம்மாள் அலறிக்கொண்டு பின்வாங்கினார். நெற்றிக்காசு எங்கோ உருண்டது. நாடிக்கட்டைப் பிய்த்துக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, வாயிலிருந்த அரிசியைத் துப்பிவிட்டு, "மங்கை!" என்று கூப்பிட்டான். இறங்கிப் போக முடியவில்லை, கால் விரல் கட்டியிருந்தது. ஓரத்திலிருந்து செபஸ்தியான் சார், "யோவ், படுய்யா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது கேட்டது. ஒரு கணம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அதைப் பார்த்து இன்னொருவர். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டியது. என்ன முடிவுய்யா, பொணம் எழுந்து பொண்டாட்டியக் கூப்பிடுது பாரு என்று யாரோ பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்கள். மங்கை கடைசிப் படியில் நித்திலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கை தட்டல் ஓயும்வரை அங்கேயே நின்றாள். அப்புறம் திரும்பி, பஞ்சும் மாலையுமாக உட்கார்ந்திருந்த அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்த முகத்தில். தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

"இதுவும் நாடகத்துல வருதா?" என்று கேட்டாள்.

"இல்ல மங்கை" என்றான். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாகத்தான் சொல்ல நினைத்தான். கடைசி வரிசைவரை கேட்டது.